பழைய தங்க மோதிரம்: செய்தவர், காலம், கல் ஆகியவற்றை அறிய ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்து வீடுகளில் பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய மோதிரம் ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் சில நாட்களிலேயே கடைவீதிக்கோ செவ்வாய்ப்பேட்டைக்கோ போய்விடுகிறது. அங்கே எடை பார்க்கிறார்கள், கல்லுக்குக் கழிக்கிறார்கள், பிறகு அழித்து வேறு நகை செய்கிறார்கள் அல்லது பாலிஷ் போட்டுத் திருப்பித் தருகிறார்கள். எடையும் விலையும் தெரிந்துவிடுகின்றன. அதைச் செய்தவர் யார், எந்தக் காலத்தில் செய்தார், அதில் இருப்பது என்ன கல் என்ற மூன்றும் அந்தக் கடைப்படியிலேயே நின்றுவிடுகின்றன.

எங்கள் வீட்டிலும் ஒரு மோதிரம் உண்டு. என் அப்புச்சி ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பிய துரை வீட்டார் போகும்போது கொடுத்த மோதிரம் அது. வரிசையாக மூன்று சிவப்புக் கற்கள், நடுவில் இருப்பது சற்றுப் பெரியது. அம்மாயி காலமான பிறகு அது என் கைக்கு வரும் முன்பே, வீட்டில் ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்துவிட்டார். வளையத்தின் உட்புறத்தையும் சேர்த்துத் தேய்த்ததில், அங்கிருந்த முத்திரைகளில் ஒன்று முக்கால்வாசி அழிந்துபோனது. அழிந்தது ஆண்டைக் குறிக்கும் எழுத்து. அந்த ஒரு எழுத்து இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடியதை, வேறு தடயங்களைக் கொண்டு கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. இந்த வழிகாட்டியின் வரிசை அந்தத் தேடலில் உருவானதுதான்.

முதல் படி: எதையும் மாற்றாமல் பதிவு செய்தல்

மோதிரம் கிடைத்தவுடன் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். பற்பசை, சோடா உப்பு, புளி ஆகிய எதுவும் வேண்டாம். முத்தும் பவளமும் புளிப்புப் பட்டால் கெடும். மரகதத்தில் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது வெளியேறிவிடும். கல்லின் அடியை மூடிப் பதித்த பழைய மோதிரத்தில் கல்லுக்குக் கீழே தகடோ அரக்கோ இருக்கும், தண்ணீர் புகுந்தால் கல் மங்கிவிடும். நகைக்கடைகளில் உள்ள அதிர்வுத் தொட்டியில் போடுவதற்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, மேல், அடி, இரு பக்கம், வளையத்தின் உட்புறம் என ஐந்து கோணங்களில் படம் எடுத்து வையுங்கள், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசில் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டிய கருவிகள் மூன்றுதான்: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அந்தச் சிறு தராசு, புற ஊதா டார்ச். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, மோதிரத்தை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும்; லென்ஸை மோதிரத்தின் மேல் வைத்துவிட்டுத் தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாம் படி: முத்திரைகளைப் படித்தல்

முத்திரை பெரும்பாலும் வளையத்தின் உட்புறத்தில் இருக்கும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். தேய்ந்த முத்திரையாக இருந்தால் முகப்பவுடரைச் சிறிது தூவி விரலால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் தங்கும் வெண்மை எழுத்தைக் காட்டிவிடும்.

இந்தியாவில் செய்த மோதிரமா, வெளியிலிருந்து வந்ததா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. நம் நாட்டில் தங்கத்துக்கு அரசு அமைப்பின் ஹால்மார்க் 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய உள்ளூர் மோதிரத்தில் கடையின் சுருக்கெழுத்தோ 22 என்ற எண்ணோ இருக்கலாம். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. முத்திரை இல்லை என்பதால் தங்கம் குறைந்தது என்று முடிவு கட்டக் கூடாது. ஆசாரியை நேரில் அறிந்து, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்து வாங்கிய காலத்தில் முத்திரைக்குத் தேவையே இருக்கவில்லை.

2000க்குப் பிந்தையது என்றால் காலம் எளிதில் அகப்படும். தொடக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முக்கோண வடிவச் சின்னம், 916 போன்ற தூய்மை எண், சோதனை மையத்தின் அடையாளம், ஆண்டுக்குரிய ஆங்கில எழுத்து, கடையின் அடையாளம் என்று ஐந்து இருந்தன. ‘ஏ’ என்றால் 2000, ‘பி’ என்றால் 2001 என்று அது முன்னேறும். ‘ஐ’ விடப்பட்டதால் ‘ஜே’ 2008ஐக் குறிக்கும். 2017இல் ஆண்டெழுத்து நீக்கப்பட்டது; காரட்டையும் தூய்மையையும் சேர்த்து 22கே916 என்று பொறிக்கும் வழக்கம் வந்தது. 2021 ஜூலை முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் வந்துவிட்டது. அதை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால் விவரம் கிடைக்கும். ‘கேடிஎம்’ என்ற எழுத்துகள் ஹால்மார்க் பரவுவதற்கு முந்தைய பத்தாண்டுகளில் புழங்கியவை; காட்மியம் கலந்து பற்றவைத்ததை அவை குறிக்கின்றனவே தவிர, அரசு முத்திரை அல்ல.

பலருக்கும் நினைவில்லாத ஒரு தடயம் உண்டு. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகை செய்வதைத் தடுத்தன. 1966இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 22 காரட்டைத் தவிர வேறொன்றைத் தங்கமாகவே மதிக்காத நம் பக்கத்தில், ஆசாரி வேலையின் சாயலோடு 14 காரட் மோதிரம் ஒன்று கிடைத்தால், அது அந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் நடந்த ஒரு கல்யாணத்துக்குச் செய்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. ‘அந்தக் காலத்தில் ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வீட்டில் சொல்லப்படும் மோதிரங்களில் சில உண்மையில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்தவை.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் கதை வேறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைப் பயிராக்கியதிலிருந்து ஆங்கிலேயக் குடும்பங்கள் மலையில் குடியேறின. அவர்களின் விரல்களில் வந்த மோதிரங்கள் அன்பளிப்பாகவும் விற்பனையாகவும் நம் வீடுகளுக்குள் இறங்கியிருக்கின்றன. ஆங்கிலேய முத்திரை நான்கு தகவல்களைத் தரும். முதலாவது, சோதித்து முத்திரையிட்ட அலுவலகம் இருந்த ஊர்: நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தையின் தலை இருந்தால் லண்டன், கோட்டை இருந்தால் எடின்பரோ. கதிர்க்கட்டுகளும் வாளும் இருந்தால் செஸ்டர், அந்த அலுவலகம் 1962இல் மூடப்பட்டதால் மோதிரம் அதற்கு முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். அடுத்தது தூய்மை எண். 9, 12, 15 காரட்டுகள் 1854இல் அனுமதிக்கப்பட்டன. 12ஐயும் 15ஐயும் 1932இல் நீக்கிவிட்டு 14ஐக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது, ஆண்டைக் குறிக்கும் எழுத்து. எழுத்தின் வடிவத்தோடு அதைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதே எழுத்து சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். நான்காவது, இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட செய்தவர் முத்திரை. இது முத்திரைக்கு அனுப்பிய நிறுவனத்தின் அடையாளம். பட்டறையில் உட்கார்ந்து செய்த தொழிலாளியின் பெயராக அது இருக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைச் சுருக்கெழுத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எங்கள் மோதிரத்தில் நங்கூரமும், 15 என்ற எண்ணும், .625 என்ற எண்ணும் தெளிவாக இருந்தன. 24இல் 15 பங்கு என்பது ஆயிரத்துக்கு 625. ஆகவே பர்மிங்காம், 1854க்கும் 1932க்கும் இடைப்பட்ட காலம். ஆண்டெழுத்தில் எஞ்சியது, கீழே இறங்கி இடப்புறமாக வளையும் ஒரு வால் மட்டும். செய்தவர் முத்திரையும் பாதி தேய்ந்திருந்ததால் அதைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் படி: உலோகத்தைச் சோதித்தல்

முத்திரை சொல்வதை உலோகம் ஒப்புக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கல் இல்லாத மோதிரத்துக்கு வீட்டிலேயே ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரு குவளைத் தண்ணீரைத் தராசின் மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மோதிரத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், மோதிரம் இடம்பெயர்த்த நீரின் எடை. மோதிரத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஒரு கல்யாண மோதிரம் 4.26 கிராம் இருந்து, தண்ணீரில் 0.24 காட்டினால், விடை 17.75, 22 காரட் தங்கம் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருக்கும். 18 காரட் 15½ அளவிலும், 14 காரட் 13 சொச்சத்திலும், பித்தளை 8½ அளவிலும் நிற்கும். தராசில் 0.01 தவறினாலே விடை கணிசமாக மாறும் என்பதால் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். கல் பதித்த மோதிரத்துக்கும், உள்ளே அரக்கு நிறைத்ததற்கும் இந்தக் கணக்கு உதவாது.

அவற்றுக்கு உரைகல் இருக்கிறது. பத்தரை மாற்று என்ற பேச்சே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் உரைத்துப் பார்க்க உலோகம் கொஞ்சம் தேய வேண்டும், அமிலமும் தொட வேண்டும். அதைவிடக் கடைகளில் காரட் மீட்டர் என்று அழைக்கப்படும் எக்ஸ் கதிர்க் கருவி மேல். அது நகையைத் தொடாமலே கலவையைக் காட்டும். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் வளையம், கல் அமர்ந்த கூடு, பற்றவைத்த இடம் என மூன்று இடங்களில் தனித்தனியே வைக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி: கட்டமைப்பைப் பார்த்தல்

மோதிரத்துக்கு ஒரே வயது என்று எண்ணிவிடக் கூடாது. வளையம் ஒரு காலத்தையும், கூடு வேறொரு காலத்தையும், கல் இன்னொரு காலத்தையும் சேர்ந்ததாக இருக்கலாம். விரலுக்கு ஏற்ப வெட்டிச் சிறிதாக்கியிருந்தால், மூச்சை ஊதிப் பார்க்கும்போது பற்றவைப்பின் கோடு சற்று வேறு நிறமாகத் தெரியும். சில நேரம் முத்திரையின் பாதி அந்த வெட்டில் போயிருக்கும். நீண்டகாலம் அணிந்த மோதிரத்தின் அடிவளையம் உள்ளங்கைப் பக்கம் மெலிந்திருக்கும். அடி மெலிந்து, கல்லைப் பிடிக்கும் பற்கள் மட்டும் கூர்மையாக, புத்தம் புதிதாக இருந்தால், பற்களைப் பிறகு மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் கல்லும் மாறியிருக்கக்கூடும்.

நம் ஆசாரிகளின் பழைய வேலையில் கல்லின் அடி பெரும்பாலும் மூடியே இருக்கும், கீழே தகடு வைத்து ஒளியைத் திருப்பியிருப்பார்கள். ஐரோப்பிய வேலையிலும் பழங்காலத்தில் அடியை மூடினார்கள். பிறகு ஒளி புக அடியைத் திறந்துவிட்டார்கள். தங்க வளையத்தில் வெண்மையான பிளாட்டினக் கூடு வைத்த ஆங்கிலேய மோதிரங்கள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளைச் சேர்ந்தவை.

ஐந்தாம் படி: கல்லைப் படித்தல்

இங்கே அவசரமே கூடாது. சிவப்பைக் கண்டவுடன் மாணிக்கம் என்றும், வெள்ளையைக் கண்டவுடன் வைரம் என்றும் சொல்லிவிடுவது நம் பழக்கம். கெம்பு என்ற சொல்லே மாணிக்கம், அதைப் போலவே சிவந்த ஸ்பைனல் என்ற வேறு கல், சிவப்புக் கண்ணாடி மூன்றையும் தன்னுள் அடக்கிவிடுகிறது.

சிவப்புக் கல்லில் முதலில் விளிம்புகளைப் பாருங்கள். மாணிக்கம் வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்டது. ஐம்பது ஆண்டு அணிந்தாலும் பட்டைகளின் ஓரங்கள் பெரும்பாலும் கூர்மையாகவே நிற்கும். கண்ணாடியின் ஓரங்கள் உருண்டு, பரப்பில் கீறல்கள் விழுந்திருக்கும். அடுத்து இருட்டறையில் புற ஊதா டார்ச்சைக் காட்டுங்கள். பர்மா மாணிக்கம் கனல்போல் சிவந்து ஒளிரும், செயற்கை மாணிக்கம் அதைவிடவும் ஒளிரலாம், கார்னெட் என்ற கருஞ்சிவப்புக் கல் ஒளிராது. ஆகவே ஒளிர்வது மட்டும் இயற்கைக் கல்லுக்குச் சான்றாகாது.

கல்லின் உள்ளே பார்ப்பதுதான் முடிவான சான்று. வெள்ளைத் தாளின் மேல் மோதிரத்தைப் பிடித்து, வெளிச்சம் பின்னாலிருந்து வரும்படி மெல்லத் திருப்ப வேண்டும். இயற்கை மாணிக்கத்தில் நேர்க்கோடுகள், ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டும் பட்டிழை போன்ற மெல்லிய ஊசிகள், கைரேகை போன்ற படலங்கள், சிறு படிகங்கள் தெரியும். செயற்கைக் கல்லில் வளைந்த கோடுகளும் உருண்ட காற்றுக் குமிழிகளும் இருக்கும். பிரெஞ்சு வேதியியலர் வெர்னாயி தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். துளித்துளியாக உருண்டையின் மேல் படிந்து வளர்வதால்தான் அந்தக் கோடுகள் வளைகின்றன. எங்கள் மோதிரத்தின் நடுக்கல்லில் நான் அதைக் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முதலில் கல் சுத்தமாக, ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. சற்றுச் சாய்த்தபோது, பழைய இசைத்தட்டின் வரிகளைப் போல மிக மெல்லிய வில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. அவற்றுக்குப் பக்கத்தில் குண்டூசி முனையளவு கூட இல்லாத இரண்டு குமிழிகள். பக்கத்துக் கற்கள் இரண்டும் டார்ச்சுக்கு ஒளிரவில்லை. அவை பழுப்பு சாய்ந்த சிவப்பு. அவை கார்னெட்.

செயற்கை என்றவுடன் வீட்டில் பலர் முகம் வாடியது. ஆனால் காலத்தைத் தேடுபவருக்கு அது பெரிய உதவி. மூன்று கற்களின் பற்களும் ஒரே அளவு தேய்ந்து, ஒரே நிறமாக இருந்ததால் நடுக்கல் பிறகு மாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. அப்படியானால் மோதிரம் 1902க்கு முந்தையதாக இருக்க முடியாது. 15 காரட் என்பதால் 1932க்குப் பிந்தையதாகவும் இருக்க முடியாது. 78 ஆண்டு இடைவெளி 30 ஆண்டாகச் சுருங்கியது. பர்மிங்காம் பட்டியலில் 1900இல் சிறிய ‘ஏ’ தொடங்கி 1924 வரை, ‘ஜே’ நீங்கலாக, சிறிய எழுத்துகளும், 1925 முதல் பெரிய எழுத்துகளும் வருகின்றன. இடப்புறம் வளையும் வால் அந்தச் சிறிய எழுத்துகளில் ‘ஜி’க்கும் ‘ஒய்’க்கும்தான் பொருந்துகிறது: 1906 அல்லது 1923. அங்கே ஆண்டெழுத்து ஜூலையில் மாறியதால், ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டின் பாதி வரை நீளும். செயற்கை மாணிக்கம் பெருமளவில் சந்தைக்கு வந்தது 1906க்குச் சற்றுப் பிறகுதான் என்பதால் நான் 1923ஐயே ஏற்கிறேன். ஆயினும் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாணிக்கத்தைப் பொறுத்தவரை இன்னோர் எச்சரிக்கை. விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கற்கள் 2004 வாக்கில் சந்தைக்கு வந்தன. சாய்த்துப் பார்க்கும்போது உள்ளே நீலமாக மின்னும். பழைய மோதிரத்தில் அது இருந்தால் கல்லை அண்மையில் மாற்றியிருக்கிறார்கள்.

வெள்ளைக் கல்லுக்குப் பட்டையைப் பார்க்க வேண்டும். அடி தட்டையாக, மேல் மட்டும் மொட்டுப்போல் பட்டை தீட்டியது ரோஸ் கட். ஓரம் சதுரமாக வளைந்து, மேலிருந்து பார்த்தால் அடிநுனியில் சிறு வட்டம் தெரிவது பழைய கட்டிங். பிரில்லியண்ட் எனப்படும் இன்றைய வட்ட வைரப் பட்டைக்கான கணக்கு 1919இல் வெளியானது. ரோஸ் கட்டை இன்றும் செய்கிறார்கள் என்பதால் பட்டை ஒன்றைக் கொண்டே வயதைச் சொல்லக் கூடாது. நம் பாட்டிமார் ‘ப்ளூ ஜாகர்’ என்று பெருமையோடு சொன்ன வைரத்தின் பெயர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. நீலச் சாயல் எல்லாம் அந்தச் சுரங்கத்தைக் குறிக்காது. வைரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை புற ஊதாவுக்கு ஒளிரும், பெரும்பாலும் நீலமாக. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கியூபிக் சிர்கோனியா 1976இல் சந்தைக்கு வந்தது. வைரம்போல் தோன்றும் இன்னொரு செயற்கைக் கல்லான மாய்சனைட் நகைகளில் வந்தது 1990களின் இறுதியில். கடையில் வைக்கும் வெப்பச் சோதனைப் பேனா மாய்சனைட்டையும் வைரம் என்றே சொல்லும். லென்ஸில் பார்த்தால் அதன் பின்பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

நம் பக்கத்துக் கற்களையும் நினைவில் வையுங்கள். காங்கேயம் வட்டாரத்தில் சந்திரகாந்தக் கல் கிடைக்கிறது. படியூரில் 1819, 1820ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் தோண்டி அக்வாமரின் என்ற வெளிர்நீலக் கல்லை எடுத்தார். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்து இப்போது நாமக்கல்லில் உள்ள சித்தம்பூண்டியில் மாணிக்கத்தின் இனமான சிவந்த குருந்தக்கல் உண்டு, பெரும்பாலும் ஒளி ஊடுருவாதது. மங்கலான கல் என்று ஒதுக்குவதற்கு முன் இவற்றை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஆறாம் படி: சீட்டும் பெட்டியும்

மோதிரத்தோடு கிடைத்த காகிதங்களைத் தூக்கி எறியாதீர்கள். கடைச் சீட்டில் தேதி கிழிந்திருந்தாலும் காலம் தெரியும். ரூபாய், அணா என்று எழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது அல்லது அதை ஒட்டியது. முகவரியில் மதராஸ் மாநிலம் என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முந்தையதாக இருக்கலாம். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. அச்சடித்த பழைய தாள்களைத் தீரும்வரை பயன்படுத்துவது கடைகளின் வழக்கம் என்பதால் சில ஆண்டுகள் தள்ளிக் கணக்கிடுங்கள். கல்யாணப் படங்களில் பாட்டியின் விரலைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் வீட்டில் 1950களின் படம் ஒன்றில் மூன்று கல்லும் தெரிகின்றன.

ஏழாம் படி: பிறரிடம் காட்டுதல்

இவ்வளவும் குறித்த பிறகு அனுபவமுள்ள ஆசாரி ஒருவரிடமும், தேவையானால் ரத்தின ஆய்வகத்திலும் காட்டுங்கள். ஆசாரியிடம் விலை கேட்காமல், ‘இந்தப் பற்றவைப்பு எந்தக் கையுடையது, கல்லைக் கழற்றிக் கட்டியிருக்கிறார்களா’ என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மகிழ்ந்து சொல்வார். கல்லைக் கழற்ற வேண்டும் என்றால் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள், கழற்றும் முன்னும் பின்னும் எடை எழுதிக்கொள்ளுங்கள். வளையத்தின் உட்புறத்தில் பாலிஷ் துணி படக் கூடாது என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

கண்டவற்றை ஒரு தாளில், உறுதியானவை ஒரு பக்கமும் ஊகங்கள் மறுபக்கமுமாக எழுதி மோதிரத்தோடு வையுங்கள். எங்கள் தாளின் முன்பக்கத்தில் இப்படி இருக்கிறது: பர்மிங்காம், 15 காரட், நடுவில் செயற்கை மாணிக்கம், இருபுறமும் கார்னெட், 1902க்கும் 1932க்கும் இடையில். பின்பக்கத்தில்: ஆண்டெழுத்து ‘ஒய்’ ஆக இருக்கலாம், 1923, இல்லையெனில் ‘ஜி’, 1906, செய்தவர் முத்திரையின் முதல் எழுத்து ‘எச்’ போலத் தெரிகிறது.